மூன்றாம் மாடியாரின் இரண்டு சதவீதப் போர்

மாலை ஐந்து நாற்பது. வெல்க மூன்றாம் மாடி வேந்தன்! மேல்தொட்டி நிரம்பி வழிந்தால் முதற்குரல் எழுப்புவோன், வாகன நிறுத்தத்தின் கோடுகளைக் காப்போன், காப்பீட்டு முகவர்களுள் ஏறு, வெல்க!

ஆறு மணிக்கு வீட்டு உரிமையாளர் சங்கத் தேர்தல். செயலாளர் பதவிக்கு அவன் நிற்கிறான். ஆண்டுச் சந்தா கட்டாதவர் நிற்க முடியாது. கார்டில் கட்டினால் இரண்டு சதவீதம் கூடுதல். அந்த இரண்டை வேரோடு பிடுங்குவேன் என்பதே அவனது ஒரே வாக்குறுதி.

"சந்தா கட்டுவேன். கட்டுறதுக்கும் ஒரு கட்டணமா? உயிரே போனாலும் தர மாட்டேன்!" என்று கூடம் அதிர முழங்கினான்.

"உயிர் இருக்கட்டும், முதல்ல சட்டையை மாத்துங்க," என்றாள் மனைவி.

படைக்கலம் தேடினான். காசோலைப் புத்தகத்தில் மேலட்டை மட்டுமே எஞ்சியிருந்தது. வங்கியின் செயலியோ, கடவுச்சொல்லை மும்முறை பிழையாக உரைத்தவனை அந்நியன் என்று வெளியே தள்ளிக் கதவடைத்தது. ரொக்கத்தைச் சங்கம் தொடுவதில்லை. ஆகவே, முறிந்த வேலும் கிழிந்த கேடயமுமாய்க் களம்புகும் கிழச்சிங்கம் போல, சட்டைப்பையில் கடன் அட்டையைச் சுமந்து, மின்தூக்கியில் தனியே நின்று, அதன் கண்ணாடியில் தன் வீரத்திருமுகத்தை ஒருமுறை பார்த்துத் தலைசீவிக்கொண்டு, தரைத்தளம் இறங்கினான். உவமை கொஞ்சம் அதிகம்தான். அன்று வேறு போர் எதுவும் கைவசம் இல்லை.

அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளின் நடுவே, கார்டு இயந்திரத்தை மடியில் வைத்தபடி பொருளாளர் அமர்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், குரல் உயர்த்தாதவர். வேந்தன் வாதாடினான். சுவர்க்கடிகாரம் வாதாடவில்லை, நகர்ந்தது. ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், உறையிலிருந்து வாளென அட்டையை உருவி, இயந்திரத்தின் வாயில் செருகினான். அது கீச்சென்று கூவி, வெள்ளை நாக்கை நீட்டியது. இரண்டு சதவீதமும் அதில் அச்சாகியிருந்தது.

தோல்வியைப் பிரசாரமாக்கத் தெரியாதவனா அவன்? நாற்காலிகளை நோக்கித் திரும்பிக் கையுயர்த்தினான்.

"பாத்தீங்களா இந்த அநியாயத்தை? இதைக் கொண்டுவந்தவன் எவனா இருந்தாலும் சரி, நான் சும்மா விடப்போறதில்லை!"

பொருளாளர் ரசீதைக் கிழித்து நீட்டினார்.

"சார், செக் எழுத சோம்பல்படுறவங்க ரெண்டு பர்சன்ட் கூடக் கட்டட்டும்னு போன வருஷக் கூட்டத்துல சொன்னது நீங்கதானே?"