வேலியைப் பிரித்த குருத்து மாஸ்டர்

கல்முனையிலிருந்து காரைதீவு வரைக்கும் எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டிய மனைவியின் வேலியை, அதுவும் பட்டப்பகலில், மிளகாய்க் கன்றுக்காகப் பிரித்துப் போட்ட ஒரே மனிதர் எங்கள் குருத்து மாஸ்டர்தான்.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். எனக்கு அடுத்த வீட்டு வளவு. வயதில் மூத்தவன் என்று என்னைக் 'காக்கா' என்பார். ஒருமுறை சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளில் குட்டிக் குட்டித் தொப்பிகள் செய்து, முளைத்த நெற்குருத்துகளுக்கு மாட்டி யன்னலோரம் வைத்தார். தொப்பி போட்டவை நேராக நின்றன. போடாதவை வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்தன. தலைமை ஆசிரியருக்கு மூச்சே நின்றுவிட்டது.

"நெல்லுக்கும் தொப்பியா மாஸ்டர்?"

"நுனிக்குத்தான் சேர் வெளிச்சம் தெரியிற. ஓமோன் எண்ட சாறு அங்கதான் ஊறுற. அதுதான் தண்ட வளைக்கிற."

அடுத்த கிழமை, தலைமை ஆசிரியர் பிள்ளை போல வளர்த்த செவ்வரத்தைப் பூச்செடியின் நுனியை மாஸ்டர் கிள்ளிவிட்டார். "நுனி போனாத்தான் சேர் பக்கத்தால கிளைக்கும்." கிளைக்கத்தான் செய்தது. ஆனால் அந்த மனுசன் ஒரு மாதம் மாஸ்டரோடு கதைக்கவில்லை.

அதையெல்லாம் பொறுத்தோம். ஆனால் எங்கள் ஊரில் வேலி என்றால் மானம். ஆளுயரத்துக்கு மேல் தென்னோலைக் கிடுகு கட்டினால்தான் பெண்கள் கிணற்றடிக்கே வருவார்கள். வீடும் வளவும் பெண்ணின் சீதனம். மாப்பிள்ளை வந்து குடியிருப்பவர், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை சந்தையால் வருகிறேன், மாஸ்டர் வீட்டுத் தெருவேலியைக் காணோம்! கிணறும் கொடியில் காயும் துணியும் ஊருக்கே தெரிகின்றன. வளவுக்குள் ஓடினேன்.

"யா அல்லாஹ்! என்ன மாஸ்டர் செஞ்சிருக்கீங்க?"

"இந்தக் கொச்சிக்காக் கண்டுகளப் பாருங்க காக்கா. வேலி நிழல்ல ஓமோன் தண்ட இழுத்து நீட்டிப் போட்டுட்டு. வெளிறிப்போய் நெட்டையா நிக்குது. நல்ல வெயில் பட்டா அடக்கமாத் தடிச்சு வளரும்."

"வளரட்டும். உங்கட பொஞ்சாதி எங்க?"

மாஸ்டர் கதவைக் காட்டினார். உள்ளே தாழ்ப்பாள்.

மூன்று நாள் அது திறக்கவில்லை. "இது என்ட உம்மா தந்த வளவு. வேலி இல்லாத வளவில எனக்குப் புருசனும் இல்ல" என்ற குரல் மட்டும் வந்தது. மாஸ்டர் தண்ணீர் அள்ளி வாசலில் வைப்பார். குடம் உள்ளே போகும், கதவு மூடும். மனிதர் பள்ளிவாசல் விறாந்தையில் படுத்தார். குடும்பம் பிரிந்துவிடுமோ என்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

நாலாம் நாள் நானும் இரண்டு பேரும் கிடுகோடு போனோம். மாஸ்டர் கன்றுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கட்டுங்க காக்கா. அவ கிணத்தடிக்கு வரட்டும். கண்டு போனாப் போகட்டும்."

கதவு கொஞ்சம் திறந்தது.

"பழைய இடத்தில வேணாம். கண்டுகளுக்கு இங்கால, மூணு முழம் உள்ளுக்குக் கட்டச் சொல்லுங்க. அதுகளுக்கு வெயில் வேணுமாமே."

ஒரு முழக் காணிக்குத் தலைமுறை தலைமுறையாக வழக்காடுகிற ஊர் எங்களுடையது. சீதன மண்ணில் மூன்று முழத்தைத் தெருப்பக்கம் விடுகிறாளா? மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கிடுகை எடுத்தார்.

மறுநாள் காலை அந்த வழியால் போனேன். வேலிக்கு வெளியே, கன்றுகளுக்குப் பக்கத்தில் மாஸ்டர் குந்தியிருந்தார். கிடுகு இடுக்கால் ஒரு வளையல் கை தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியது. அந்தக் கிறுக்கு மனுசனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.