கேப்டன் தனியாக எடுத்த முடிவு

மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு முடிவு எடுப்பதென்று கேப்டன் முடிவெடுத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு இது முதல் அனுபவம்.

அவன் நிஜக் கேப்டன் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. போன வருஷம் ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பித்து, தேர்வுக் குழு வரைக்கும் போய்த் திரும்பி வந்தவன். அன்றைக்கு மாடி வீட்டுத் தையல்காரர் வைத்த பெயர் அது. அவனைக் கவிழ்த்தது ஓட்டமும் இல்லை, உயரமும் இல்லை. நேர்முகத்தில் ஒரு கர்னல், "வீரர்களோடு போகிறீர்கள். பாதை இரண்டாகப் பிரிகிறது. எந்தப் பக்கம் போவீர்கள்?" என்று கேட்டார். பழக்க தோஷம். "வீட்டுல கேட்டுச் சொல்றேன் சார்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. கர்னல் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

இப்போது மறுபடி விண்ணப்பிக்கலாம். வயது வரம்புப்படி இதுதான் கடைசித் தடவை, நாளையோடு கெடு முடிகிறது. இல்லாவிட்டால், நாளைக்கே மைதானத்தில் நடக்கும் ஆள்சேர்ப்பில் வரிசையில் நின்று சிப்பாயாகச் சேர்ந்துவிடலாம். இரண்டிலும் கால் வைக்க விடமாட்டார்கள்.

அவனுக்கு ஆசை அதிகாரி ஆவதில்தான். பயமும் அதில்தான். இன்னொரு தடவை பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்து, இதே தெருவில் நடக்க வேண்டுமே. சிப்பாய்க்கு அந்தத் தொல்லை இல்லை, சொன்னதைச் செய்தால் போதும் என்று அவன் நினைத்தான். அதில்தான் அவனுக்கு வீட்டிலேயே நல்ல பயிற்சி ஆகியிருந்தது. ஆகவே சிப்பாய் என்று முடிவு கட்டினான். கடைக்குப் போவதுபோல் கிளம்பி மைதானத்துக்குப் போய்விடுவதாகத் திட்டம்.

அவன் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அந்தக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவன் தான்தான் ஓட்டுவதாக நம்பிக்கொண்டிருப்பான். அன்று சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது கேப்டன் துணி மடித்துக்கொண்டிருந்தான். மடித்த சட்டையையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தான். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னங்க, பேசாம சிப்பாயாவே சேர்ந்துடுங்க. நாளைக்கு மைதானத்துல ஆள் எடுக்கறாங்களாம்."

கேப்டனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அதிகாரி வேலையெல்லாம் உங்களுக்கு ஒத்து வராது. நான் சொல்றதைக் கேளுங்க."

எவ்வளவு பத்திரமாக ஒளித்து வைத்திருந்த முடிவு. ஒரு நொடியில் அது அவளுடையதாகிவிட்டது. இனிமேல் மைதானத்துக்குப் போனால் பெண்டாட்டி அனுப்பிப் போனதாகத்தான் ஆகும். கர்னல் குறித்துக்கொண்டது சரிதான் என்றும் ஆகும். யோசிக்கிறேன் என்றான். அந்தக் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

மறுநாள் காலை நேரே கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனான். அவசரத்தில் அப்பா பெயரைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்து, ஒருவழியாக அனுப்பினான். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அதிகாரிப் பயிற்சிக்கே போட்டாச்சு. உன்னைக் கேக்கல."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு மோவாயில் கை வைத்து நின்றாள். "நீங்க பிடிவாதம் பிடிச்சா நான் என்ன செய்ய முடியும்?"

அவன் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நிமிஷமே காற்று இறங்கியது.

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா?" என்று கேட்டான்.

"அனுப்பினா வாங்க. வீடு எங்கயும் போகாது. நானும் போக மாட்டேன்."

கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்றாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது. அந்தத் தைரியம் ஆறுவதற்குள் மறுநாள் கடை முதலாளியிடம் போய் நின்றான். லீவு என்றாலே முகம் சுளிப்பவர் அவர். தேர்வு நடக்கும் வாரத்துக்கு லீவு வேண்டும் என்றும், இது தானே தனியாக எடுத்த முடிவு என்றும் அழுத்தமாகச் சொன்னான்.

முதலாளி கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"போன வாரமே உன் வீட்டம்மா வந்து அந்த வாரத்துக்கு லீவு வாங்கிட்டுப் போயிட்டாங்க. நீ முடிவெடுக்கற வரைக்கும் உன்கிட்ட சொல்ல வேண்டாம்னாங்க."