கார் நிற்காத கராஜ்

சிட்னி கணினிக்குப் பேர்போன நகரமாக வளர்ந்ததற்கு யார் காரணம் என்று கேட்டால், பேப்பரில் ஆயிரம் பேரைச் சொல்வார்கள். எனக்கு இங்கிலிஸ் பேப்பர் வாசிக்க வராது, அதனால் உண்மையை மட்டும் சொல்கிறேன். காரணம், நகரத்துக்கு வெளியே கிரவீனில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த கராஜ்காரர்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. பஸ் ஓட்டினார். வேலை முடிந்து வந்தால் தன் காரை மழையோ வெயிலோ ரோட்டிலேயே விட்டார். அமெரிக்காவில் பெரிய கம்பனிகள் கராஜில்தான் பிறந்தன என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கராஜுக்குள் கார் விடுவது அவருக்குக் கோயிலுக்குள் செருப்போடு போகிற மாதிரி.

இரண்டாயிரத்துப் பத்து, பதினொன்று இருக்கும். காலை ரயிலில் எங்கள் பிள்ளைகள் முதுகில் பையும் மடியில் கணினியுமாக நகரத்துக்குப் போகத் தொடங்கிய காலம். அங்கே பழைய கிடங்குகளைக் கழுவித் துடைத்து, புதுக் கம்பனிகளுக்கு மேசை போட்டுக் கொடுத்தார்களாம். நகரம் மட்டும் வளர்ந்தால் போதுமா, கிரவீன் என்ன பாவம் செய்தது என்று கேட்டபடி இவர் வீடு வீடாகப் போய்க் கராஜ்களைப் பார்வையிட்டார். எல்லாவற்றிலும் ஒரு பழைய பிரிட்ஜ், அரிசி மூட்டை, ஓடாத தையல் மெசின்.

"அக்கா, இந்த இடம் ஏன் முன்னேறேல்லை எண்டு இப்ப விளங்குது. உங்கட பிரிட்ஜ்தான் மறிச்சுக்கொண்டு நிக்குது."

அது நான் மீன் வைக்கிற பிரிட்ஜ். அதை நான் அசைக்கவில்லை.

கடைசியில் அவருடைய கராஜுக்கே இரண்டு பேர் அகப்பட்டார்கள். மயூரி இங்கே பிறந்த பிள்ளை. தமிழில் கேட்டால் இங்கிலிசில் பதில் வரும். செந்தில் கோயம்புத்தூர்ப் பெடியன். இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவன். வாடகை இல்லை. ஒரே நிபந்தனை, கம்பனி தொடங்க வேண்டும். வயது போனவர்களுக்கு எந்தக் குளிசையை எப்போது போடுவது என்று போனே வாய்விட்டுச் சொல்கிற வேலை ஒன்றை இருவரும் செய்தார்கள்.

முதலில் என்னிடம்தான் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் தந்த குளிசைகள் என்னிடம் நிறைய இருந்தன. பெட்டியில் இருந்த எழுத்துக்கும் எனக்கும் ஒத்துவராது. போனில் செந்திலின் குரல், "மாத்திரை போட்டுக்கோங்க" என்றது. நேற்று வந்த பெடியன் சொல்லி நான் குளிசை போடுவதா? மயூரியின் தமிழோ சுகமான ஆளையும் படுக்கவைத்துவிடும்.

"அப்ப நான் சொன்னாக் கேப்பீங்களோ, அக்கா?" என்றார் கராஜ்காரர்.

பார்ப்போம் என்றேன்.

அவரைப் பேசவிட்டுக் குரலைப் பதிந்ததுதான் பிழை. குளிசையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால், வெளியில் குளிர், காலுக்குச் சொக்ஸ் போடுங்கோ, கதவைப் பூட்டினீங்களோ என்று போய்க்கொண்டே இருந்தார். செந்தில் வெட்டி வெட்டி எறிந்தும் கொஞ்சம் மிஞ்சிக் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை பகல், நகரத்துக் கிடங்கை நடத்துகிறவர்கள் இருவர் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்தால் அங்கே இடம், செலவுக்கு உதவி. பிடிக்காவிட்டால் செந்தில் ஊருக்குத் திரும்புவதென்று முடிவு. அவன் கையில் இருந்ததெல்லாம் கரைந்துவிட்டது. குளிசை போடுகிற ஆள் என்று என்னையும் கராஜில் கொண்டுவந்து இருத்தினார்கள்.

கராஜ்காரர் சும்மா இருப்பாரா? நல்ல நேரம் பார்த்துப் பால் பொங்கவைத்தால்தான் காரியம் சரிவரும் என்றார். குசினியிலிருந்து கரண்ட் அடுப்பைக் கொண்டுவந்து, கணினிகளெல்லாம் தொங்கிக்கொண்டிருந்த அதே வயரில் செருகினார்.

"அங்கிள், நோ. சீரியஸ்லி, நோ," என்றாள் மயூரி.

பால் அருமையாகப் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. கிழக்குப் பக்கம்தான் வயர் கிடந்தது. டப் என்று ஒரு சத்தம். லைட்டும் போனது, கணினியும் போனது.

"கிழக்கால வழிஞ்சது, தம்பி. நல்ல சகுனம்," என்றார் மெதுவாக.

செந்தில் தலையில் கைவைத்துக் கதிரையில் இருந்துவிட்டான். "அங்கிள், நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

அந்த மனிதர் வாய் மூடியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பால்சட்டியைப் பிடித்தபடி மூலையில் போய் நின்றார். ஏச்சு வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தது அவருடைய முகம்.

கராஜ் கதவைத் தூக்கினால், வந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து என் மடியில் கிடந்த போன் கராஜ்காரரின் குரலில் வாயைத் திறந்தது.

"அக்கா, சிவப்புக் குளிசை. சாப்பிட்டனீங்களோ?"

"இல்லைத் தம்பி. இவையை அனுப்பிப்போட்டுச் சாப்பிடுறன்," என்றேன் போனைப் பார்த்து. நான் எந்த நாளும் அதற்குப் பதில் சொல்வேன். கேட்டால் பதில் சொல்லாமல் விடுவது மரியாதையா?

வந்தவர்கள் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பதிலும் கேட்கும்படி செய்திருக்கிறீர்களா என்று மயூரியிடம் விசாரித்தார்களாம். இல்லை, அன்ரி தானாகவே பேசுகிறார் என்றாளாம். அதற்குப் பிறகு அவர்கள் கணினியைப் பற்றிக் கேட்கவேயில்லை. என் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு குளிசையாகப் போன் என்ன சொல்கிறது என்று மயூரி மூலம் கேட்டார்கள். மிச்சப் பாலில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். இடம் கிடைத்தது.

கம்பனி நகரத்துக்குப் போய் ஆட்களும் பெருகினார்கள். இனியாவது காரை உள்ளே விடச்சொல்லி மனைவி கெஞ்சினார். அடுத்தது வரும் என்று இவர் கராஜைக் கூட்டித் துடைத்து வைத்தார். ஒருவரும் வரவில்லை. பிள்ளைகள் நேரே ரயிலேறி நகரத்துக்குப் போகப் பழகிவிட்டார்கள். ஒரு ஊர் பெரிதாகும்போது, முதலில் இடம் கொடுத்தவரைத் திரும்பிப் பார்க்க அதற்கு நேரம் இருக்காது போலும். அவர் அதைக் குறையாகச் சொன்னதில்லை. காலையில் ஸ்டேசனுக்கு ஓடும் பிள்ளைகளைக் காட்டி, "பாத்தீங்களே அக்கா, எல்லாம் எங்கட கராஜிலை துவங்கினது," என்பார்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் மகளோடு இருக்க மெல்பேர்ணுக்கு, கிளேட்டன் பக்கம் போய்விட்டார். மாடி வீடாம், கராஜ் இல்லையாம். இங்கே வீட்டை வாங்கியவர்கள் முதல் நாளே காரை உள்ளே விட்டார்கள்.

குளிசைகளின் நிறமும் நேரமும் எனக்கு இப்போது பாடம். போன் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் தண்ணீரை ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அது கேட்கும்வரை இருப்பேன்.

"ஓம் தம்பி, சாப்பிட்டிட்டன்," என்று சொல்லிவிட்டுத்தான் விழுங்குவேன்.