கமாண்டர் பாஸ்கோவின் பின்னால் வந்த குதிரை

கான்கிரீட் லாரி சனிக்கிழமை காலை வரும். அதுவரை மனைவி என்ன கேட்டாலும் ‘சரி’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. புதன்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே கமாண்டர் லெஸ்டர் பாஸ்கோ இப்படி ஒரு சபதம் எடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் மனதுக்குள்தான் எடுத்தார். வாய் காலியாக இருந்திருந்தாலும் மனதுக்குள்தான் எடுத்திருப்பார். அடுத்த அறையில் ஜில்லியன் இருந்தாள்.

வளைகுடாக் கரையில் இருக்கும் போர்ட் டேலின் வட்டாரம் முழுவதற்கும் பாஸ்கோதான் போலீஸ் கமாண்டர். அவர் தொண்டையைக் கனைத்தால் காவல் நிலையத்துத் தேநீர்க் கோப்பைகள் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ஜில்லியன் கனைத்தால் மேஜைக்கு அடியில் கமாண்டருக்கே இடம் வேண்டும்.

சண்டை வீட்டுப் பின்புறத்து நிலத்தைப் பற்றியது. அங்கே கான்கிரீட் தளம் போட்டுப் படகுக் கொட்டகை கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. ஒயிட்டிங் மீன் பிடிக்க ஆசை ஆசையாக வாங்கிய படகு தார்ப்பாய்க்குக் கீழே சிலந்திகளுக்குக் குடித்தனம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜில்லியனுக்கோ அதே இடத்தில் ஒரு குதிரை வேண்டும். ஏதோ ஒரு குதிரை அல்ல, மேடம்தான் வேண்டும்.

மேடம் என்பது குதிரையின் பெயர். ஒரு காலத்தில் போலீஸ் அணிவகுப்பில் முதல் வரிசையில் நடந்த வெள்ளைக் குதிரை. வயதான பிறகு ஊருக்கு வெளியே நெரிடா நடத்தும் லாயத்தில் கமாண்டர்களுக்குப் பாடம் எடுத்து வந்தது. ஓயாத வேலை, கெட்ட தூக்கம், எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்று கமாண்டர்கள் வெந்துபோயிருந்தார்கள். குதிரையோடு பழகினால் மனமும் ஆறும், ஆட்களை நடத்தும் பக்குவமும் வரும் என்று தலைமையகம் அவர்களை அங்கே அனுப்பியது. இந்த வெள்ளிக்கிழமையோடு மேடத்துக்கு ஓய்வு. யாரும் ஏற்றுக்கொள்ளாவிட்டால் வடக்கே எங்கோ ஓர் ஆட்டுப் பண்ணைக்குப் போய்விடும். விடியற்காலையில் தவறாமல் லாயத்துக்குப் போய்க் கைகொடுத்து வந்த ஜில்லியனுக்கு அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

இந்த வாரப் பயிற்சிக்கு பாஸ்கோவின் முறை. புதன்கிழமை, இஸ்திரி மடிப்பு கலையாத சீருடையில் போய் இறங்கினார்.

“ரொம்ப சுலபம்,” என்றாள் நெரிடா. “வட்ட வேலிக்குள்ள போங்க. கயிறு கிடையாது. பையில கேரட் கிடையாது. மேடம் தானா உங்க பின்னால நடந்து வரணும். அவ்வளவுதான்.”

பாஸ்கோ உள்ளே போனார். நெஞ்சை நிமிர்த்தினார். “வா!” என்றார். நாய் பிடிக்கிறவனையும் நடுங்கவைக்கும் குரல்.

மேடம் அவரை மேலும் கீழும் பார்த்தது. நிதானமாகத் திரும்பியது. தன் பின்புறத்தை அவருக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

பாஸ்கோ சுற்றி ஓடி முன்னால் வந்தார். மேடம் மறுபடி திரும்பியது. அவர் ஓட ஓட, அது நின்ற இடத்திலேயே சுழன்றது. அதே பயிற்சிக்கு வந்திருந்த பக்கத்து வட்டாரக் கமாண்டர் ருஸ்ஸோ அம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த அம்மாள் உள்ளே போனபோதோ, மேடம் ஆட்டுக்குட்டி போலப் பின்னால் போனது.

“உங்க தோள்ல இருக்கிற கிரீடச் சின்னம் குதிரைக்குத் தெரியாது கமாண்டர்,” என்றாள் நெரிடா. “மூச்சு தெரியும். நீங்க மூச்சே விடலை.”

வெள்ளிக்கிழமை துணைக் கமிஷனர் ஆஷ்கிராஃப்ட் நேரில் பார்க்க வருகிறார் என்பதையும் சொல்லிவைத்தாள். பாஸ்கோ அப்போதும் மூச்சு விடவில்லை.

மாலை வீட்டில் உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டிருந்தாள் ஜில்லியன்.

“மேடம் எப்படி இருக்கு?”

“பின்னாடி நல்லா இருக்கு. முன்னாடி நான் பார்க்கலை.”

“அய்யோ பாவம்! ருஸ்ஸோ பின்னால போச்சாமே?”

“உனக்கு யார் சொன்னது?”

“ஊரே சொல்லுது.”

பாஸ்கோ நாற்காலியில் சரிந்தார். துணைக் கமிஷனர் முன்னால் ஒரு குதிரை தனக்கு முதுகைக் காட்டினால், திங்கட்கிழமை ஊரில் எந்தத் திருடன் பயப்படுவான்? அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. ஜில்லியன் பண்ணையில் பிறந்தவள். குதிரை வித்தை அத்தனையும் தெரிந்தவள். ஆசை காட்டி வித்தையைக் கறந்துவிடலாம். சனிக்கிழமை லாரி வந்து கான்கிரீட் ஊற்றிவிட்டால் அப்புறம் யார் என்ன செய்ய முடியும்?

“ஜில்லு, அந்தக் குதிரை பின்னால வர்றதுக்கு என்ன பண்ணணும்?”

“கேட்கறது கமாண்டரா, என் புருஷனா?”

“ரெண்டு பேரும்தான்.”

“கமாண்டருக்குச் சொல்லிப் பிரயோஜனமில்லை. புருஷனுக்குச் சொல்லித்தரேன். மேடத்தை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாமா?”

“யோசிக்கிறேன்.”

‘யோசிக்கிறேன்’ என்பது ‘சரி’ அல்ல. எந்தக் கோர்ட்டிலும் செல்லாது. பாஸ்கோ தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

“அது போதும்,” என்று சட்டென்று ஒப்புக்கொண்டாள் ஜில்லியன். “முதல்ல மனசு அமைதியாகணும். அந்தப் பாத்திரத்தையெல்லாம் சத்தம் வராம கழுவுங்க.”

“இது குதிரைக்கா?”

“வேற யாருக்கு?”

கழுவினார். துணி காயப்போட்டார். போர்வையை உதறும்போது படபடவென்று சத்தம் வந்ததாம். “மேடம் மிரண்டிருக்கும்” என்று மறுபடி மெதுவாக உதறச் சொன்னாள். குப்பைத் தொட்டியை மெதுவாக உருட்டிப் பழகினார். மெதுவாகக் காலைப் பிடித்துவிட்டார்.

“குதிரைக்குக் கால் பிடிக்கணுமா?”

“குளம்பைத் தூக்கிப் பார்க்கறப்போ கை பதமா இருக்கணும்ல? இன்னும் கொஞ்சம் மேல. ஆங்... அங்கதான்.”

வியாழக்கிழமையும் மேடம் திரும்பித்தான் நின்றது. ஆனால் கழுத்தை வளைத்து ஒருமுறை அவரைப் பார்த்தது. முன்னேற்றம்தான்.

வெள்ளிக்கிழமை கடல் காற்று எலும்பைத் துளைத்தது. பாஸ்கோ சீருடையை எடுத்தபோது ஜில்லியன் அதை வாங்கி அலமாரியில் மாட்டினாள். அவருடைய பழைய நீல ஸ்வெட்டர் ஒன்றைக் கொடுத்தாள்.

“நெரிடாதான் சீருடை வேண்டாம்னு சொன்னாளாம். இதைப் போடுங்க. குளிருக்கும் ஆச்சு.”

“இதை நான் பார்த்தே ஒரு வருஷம் இருக்கும். என்ன ஒரு இனிப்பு வாசனை?”

“சோப்பு மாத்தியிருக்கேன்.”

லாயத்தில் துணைக் கமிஷனர் ஆஷ்கிராஃப்ட் மடக்கு நாற்காலியில் அமர்ந்திருந்தார். நெரிடா பாஸ்கோவின் பைகளைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. உள்ளே போனார். பாத்திரம் கழுவியதை நினைத்துக்கொண்டார். மூச்சை விட்டார்.

மேடத்தின் காதுகள் நிமிர்ந்தன. மூக்கு விடைத்தது. கிளம்பி நேராக அவரிடம் வந்தது.

பாஸ்கோ ஒரு சுற்று நடந்தார். பின்னாலேயே மேடம். நின்றார். நின்றது. இடப்பக்கம் திரும்பினார். திரும்பியது. வேலிக்கு வெளியே கைத்தட்டல். புகழ் தலைக்கேறியது கமாண்டருக்கு. தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மேடமும் வந்தது. தேநீர் மேஜைக்குப் போனார். மேடமும் போனது. துணைக் கமிஷனரோடு கைகுலுக்கினார். மேடம் கமாண்டரின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியது.

துணைக் கமிஷனர் குலுக்கிய கையை விடவில்லை. “இத்தனை வருஷத்துல இப்படி ஒரு நம்பிக்கையை நான் பார்த்ததில்லை. நம்பி வந்தவங்களைக் கைவிடாதவன்தான் கமாண்டர்! ஆமா, இதுக்கு இன்னிக்கு ஓய்வுன்னாங்களே, எங்க போகப்போகுது?”

“ஆட்டுப் பண்ணைக்கு சார்,” என்றாள் நெரிடா, தரையைப் பார்த்துக்கொண்டே. “பாஸ்கோ சார் வீட்டுப் பின்னால இடம் இருக்காம். அவர் மனசு வெச்சா...”

எல்லோரும் பாஸ்கோவைப் பார்த்தார்கள். மேடமும் பார்த்தது. ருஸ்ஸோ அம்மாள் கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

“சரி,” என்றார் பாஸ்கோ.

கைத்தட்டல் ஓய்வதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பின்னால் குதிரை ஏற்றும் டிரெய்லர். ஜில்லியன் இறங்கினாள்.

“நீ எங்க இங்க?”

“வைக்கோல் ஏத்திட்டுப் போக வந்தேன். என்ன, ஏதாவது விசேஷமா?”

டிரெய்லருக்குள் வைக்கோல் ஏற்கெனவே மெத்தை போல விரித்திருந்தது. ஓரத்தில் ஒரு தீனி வாளி. அதில் சிவப்பு எழுத்தில் ‘மேடம்’ என்று எழுதியிருந்தது. பாஸ்கோ விரலால் தொட்டுப் பார்த்தார். பெயிண்ட் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

வீடு வந்து மேடத்தை இறக்கியதும் அவருக்கு லாரி ஞாபகம் வந்தது.

“ஜில்லு, நாளைக்கு கான்கிரீட்காரன்...”

“வர மாட்டான். புதன்கிழமையே வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“புதன்கிழமை எப்போ?”

“நீங்க பல் தேய்ச்சிட்டிருந்தப்போ.”

பாஸ்கோ தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த படகைப் பார்த்தார். போகட்டும், படகு போனாலும் புகழ் மிச்சம். குதிரை தன் பின்னால்தானே வந்தது? அது பண்ணையில் பிறந்தவளுக்கும் கிடைக்காத பெருமை.

“அந்த ஸ்வெட்டரைக் கழட்டிக் கொடுங்க. மேடத்துக்குத் தீனி வைக்கணும்.”

“தீனி வைக்கறதுக்கு ஸ்வெட்டர் எதுக்கு?”

“லாயத்துல அதைப் போட்டுக்கிட்டுத்தானே தினமும் வெச்சேன்? குளிருது கொடுங்க.”

பாஸ்கோ கழற்றினார். கொடுக்கும் முன் கைப்பகுதியை மூக்கருகே கொண்டுபோனார். சோப்பு வாசனை இல்லை. ஓட்ஸும் வெல்லப்பாகும் ஊறிப்போன வாசனை.

மேடத்தைப் பார்த்தார். மூச்சை விட்டார். “வா!” என்றார், அமைதியாக, முறைப்படி.

மேடம் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தாள் ஜில்லியன். அவளுக்குப் பின்னால் மேடம். மேடத்துக்கும் பின்னால், குளிரில் நடுங்கியபடி, தீனி வாளியைச் சுமந்துகொண்டு போர்ட் டேலின் வட்டாரக் கமாண்டர்.