பூவாளி வளர்த்த துரை மரம்

மலாயாவில், ஈப்போவைச் சுற்றின கிந்தா பள்ளத்தாக்கில் பூவாளி அண்ணன் அளவுக்கு ஏசத் தெரிந்த மனுஷன் பிறந்ததும் இல்லை, இனிமேல் பிறக்கப் போவதும் இல்லை. காம்பாரிலிருந்து லகாட் வரைக்கும் எத்தனையோ கங்காணிகளையும் கள்ளுக்கடைச் சண்டைக்காரர்களையும் பார்த்தவன் நான். அத்தனை பேரும் அவர் முன்னால் கைகட்டி நின்று பாடம் படிக்க வேண்டியவர்கள். அவர் ஏச்சில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இருக்காது. ஆனால் வாங்கினவனுக்கு மூன்று நாளைக்குச் சோறு இறங்காது.

இப்போது எதற்கு அவர் ஞாபகம் என்கிறீர்களா? போன வாரம் ஈப்போவில் அந்தப் பழைய பூங்காவுக்குப் போனேன். ஆள் உயரத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்குமே ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் அடியில் உள்ள பித்தளைத் தகட்டுக்கு யாரோ புண்ணியவான் பாலிஷ் போட்டிருக்கிறார். இன்ன பெரிய துரை இந்த மரத்தைத் தன் கையால் நட்டார் என்று இங்கிலீஷில் பளபளவென்று மின்னுகிறது. பொய்! கடைந்தெடுத்த பொய்! வந்த ஆத்திரத்தில் கைத்தடியால் தகட்டின் மேல் ஒரு போடு போட்டேன். காவல்காரர், “என்னா பெரியவரே, தலைக்குச் சரியில்லையா?” என்று ஓடி வந்தார். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

வெள்ளைக்காரன் ஆண்ட இருபதுகளில் நான் அந்தப் பூங்கா ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. அண்ணன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர். அதற்கு முன்னால் லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாற்று மேடையில் வேலை பார்த்தவர். கையை விட்டுப் பூவாளி இறங்காது, அதனால் பேரே பூவாளி. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

மனுஷர்களை மட்டும் ஏசினால் பரவாயில்லை, செடியையும் விடமாட்டார். “ஏன்டி, ரெண்டு வேளையும் வயிறு முட்டத் தண்ணி குடிக்கிறியே, ஒரு பூ பூத்தா குறைஞ்சா போயிருவே? சோம்பேறி மூதேவி!” என்பார் செம்பருத்தியிடம். மறுநாள் அது பூத்திருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தில்தான் பூத்தது.

அப்போதுதான் கப்பலில் ஒரு பெரிய துரை வந்து இறங்கினார். வருகிற பெரிய மனுஷனெல்லாம் ஊருக்கு ஒரு மரம் நட்டுவிட்டுப் போவது அந்தக் காலத்து வழக்கம். கன்றை வளர்த்தது பூவாளி அண்ணன். ஆறு மாசம் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டார். ஆனால் நடுகிற அன்றைக்கு மண்டோர் வந்தார். மண்டோர் என்றால் வேலையாட்களை மேய்க்கிறவர். நம்ம தமிழ் ஆள்தான். துரையைக் கண்டால் முதுகெலும்பை எங்கேயோ கழற்றி வைத்துவிடுவார்.

“பூவாளி, நீ வேலிக்கு அந்தப் பக்கம் போய் நில்லு. உன் வாய் துரை காதுல விழப்படாது.”

“கன்னை நான்தானே குழியில இறக்கணும்? உனக்கு என்னா தெரியும்?”

“எல்லாம் எனக்குத் தெரியும்லா. போ, போ.”

வளர்த்தவர் வேலிக்கு வெளியே. ஆட்டுக்கு எந்தத் தழை போடுவது என்றுகூடத் தெரியாதவன் எல்லாம் உள்ளே, கோட்டு மாட்டிக்கொண்டு! பேண்டு வாசித்தார்கள். துரை வெள்ளி மண்வெட்டியில் ஒரு கரண்டி மண் அள்ளிப் போட்டார். அவ்வளவுதான், கைதட்டல் வானத்தைப் பிளந்தது. மிச்ச மண்ணை மண்டோர் தள்ளி மூடினார்.

இரண்டு மாசத்தில் மரம் மஞ்சள் தட்டியது. மூன்றாவது மாசம் இலை கொட்டியது. ஆபீசில் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வருஷம் துரை திரும்ப வந்து மரத்தைப் பார்ப்பாராம். யார் தலையை உருட்டலாம் என்று பார்த்தார்கள். மண்டோர் கூசாமல் சொன்னார்: “எல்லாம் பூவாளியோட கரிநாக்குதான். அவன் ஏசி ஏசியே மரத்தைக் கொன்னுட்டான்.”

கரிநாக்கு உள்ளவன் சொன்னால் பச்சை மரமும் பற்றி எரியும் என்பது நம் சனங்களின் நம்பிக்கை. அதை மண்டோர் இங்கிலீஷ் ஆபீசுக்குள் கொண்டு வந்தார். துரைமார்களுக்குக் கரிநாக்கு புரியவில்லை. ஆனால் பழிபோட ஒரு ஆள் கிடைத்தது நன்றாகப் புரிந்தது. மரம் பிழைக்காவிட்டால் பூவாளிக்கு வேலையும் இல்லை, வேலையாட்கள் லயத்தில் அறையும் இல்லை என்று உத்தரவு போட்டார்கள். அதை டைப் அடித்த கை இதுதான். இன்னும் எரிகிறது.

அதைவிட என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அண்ணன் அதை நம்பிவிட்டார்! மறுநாள் காலையில் வாயைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். செம்பருத்தியைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார். நான், “என்னண்ணே கோலம் இது?” என்றேன். என்னைத் தூரமாகக் கூட்டிப் போய்த் துண்டை இறக்கினார்.

“கிராணி, தோட்டத்துல என் சம்சாரத்தையும் ஏசிக்கிட்டேதான் இருப்பேன். காய்ச்சல்ல போயிட்டா. அதுவும் என் நாக்குதானோ?”

அவரை வேலையை விட்டுத் தூக்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு மனுஷனைத் தன் பெண்டாட்டியைக் கொன்றவன் என்று நினைக்க வைத்துவிட்டார்களே, படுபாவிகள்!

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் நேராகப் பூங்காவுக்குப் போனேன். மண்டோர் பக்கத்துப் புந்தோங்கில் சேவல் சண்டை பார்க்கப் போயிருந்தார். “அண்ணே, செத்த மரத்துக்கு எதுக்குப் பயம்? தோண்டிப் பாத்துடுவோம்” என்றேன். துண்டுக்குள்ளிருந்து முடியாது என்று தலையாட்டினார். நானே மண்வெட்டியை எடுத்தேன். பேனா பிடிக்கிற கை அல்லவா, நாலு வெட்டில் என் காலையே வெட்டப் பார்த்தேன். அவரால் பொறுக்க முடியவில்லை. பிடுங்கி வெட்ட ஆரம்பித்தார்.

ஒரு முழம் போனதும் டங்கென்று சத்தம் கேட்டது. தகரம்.

கன்றை மண்ணெண்ணெய் டின்னில் வளர்த்திருந்தார். நடும்போது டின்னை வெட்டி எடுத்துவிட்டுத்தான் குழியில் இறக்க வேண்டும். நாற்று மேடையில் ஒரு நாள் நின்றவனுக்கும் தெரிந்த விஷயம். மண்டோர் டின்னோடு புதைத்திருக்கிறார்! வேர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றிப் புழுங்கிச் செத்திருக்கிறது.

அண்ணன் அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு குழி ஓரத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் அழுதார். அப்புறம் வாயில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று ஏச ஆரம்பித்தார் பாருங்கள்! மண்டோர், அவர் அப்பா, அந்த வெள்ளி மண்வெட்டியைச் செய்த ஆசாரி, யாரையும் விடவில்லை. அரை மணி நேரம். எனக்குத் திருப்பலி கேட்ட நிம்மதி.

அன்றைக்கே புந்தோங் மாட்டுக் கொட்டாயிலிருந்து எருமண் கொண்டு வந்து, அதே குழியில் வேறொரு கன்றை நட்டார். மறுநாள் டின்னை மண்டோர் முன்னால் வைத்தோம். ஆள் வெளிறிப் போய், “யார்கிட்டயும் சொல்லாதீங்கலா” என்று கெஞ்சினார். அதற்கப்புறம் கரிநாக்கு என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை.

மறு வருஷம் பெரிய துரை சம்சாரத்தோடு வந்தார். மரம் ஆள் உயரத்துக்குத் தளதளவென்று நின்றது. அவருக்கு ஒரே பெருமை, ஏதோ தானே பெற்ற மாதிரி. துரையம்மா, ஞாபகமாக ஊருக்கு எடுத்துப் போக ஆசைப்பட்டு, கையை நீட்டி உச்சிக் குருத்தைப் பட்டென்று ஒடித்தாள்.

பூவாளி அண்ணன் வேலியைத் தாண்டிக் குதித்தார்.

“அடியே! உன் புள்ள கழுத்த இப்படித்தான் திருகுவியா? யோவ் துரை, நீ நட்ட மரம் செத்து வருஷமாச்சுய்யா! டின்னோட பொதைச்ச மகராசன் நீ! இது நான் நட்டது. என் மரத்துல கைய வைக்காதீங்க!”

மண்டோர் கண்ணை மூடிக்கொண்டார். தோட்டத்துத் துரையாக இருந்தால் தமிழ் தெரிந்திருக்கும், இவருக்குத் தெரியாது. என் பக்கம் திரும்பி, “என்ன சொல்கிறான்?” என்றார்.

நான் ஒரு கோழை. வீராவேசமாக இதை எழுதுகிறேனே, அன்றைக்கு அந்த வீரம் எங்கே போனதோ. உள்ளதைச் சொன்னால் அண்ணன் நடுத்தெருவில் நிற்பார். அதுவும் ஒரு காரணம். என் வேலை போய்விடும் என்பது இன்னொரு காரணம். “துரை அவர்களின் கைராசியால்தான் மரம் இப்படி வளர்ந்திருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் நூறு வயசு வாழவேண்டும் என்கிறார்” என்று இங்கிலீஷில் கூசாமல் அவிழ்த்துவிட்டேன்.

துரை முகம் மலர்ந்துவிட்டது. நேராக வந்து, அண்ணனின் மண் ஒட்டிய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர்கள் போனதும் அண்ணன் என்னிடம் வந்தார். அந்தக் கையை இன்னும் விரித்தபடியே வைத்திருந்தார்.

“கிராணி, நான் சொன்னத அப்படியே சொன்னியா?”

“அப்படியேதான் சொன்னேன் அண்ணே.”

“ஒரு வார்த்தை விடாம?”

“ஒரு வார்த்தை விடாம.”

“பாத்தியா! மண்டோர் பய மாதிரி இல்லைலா. தப்புன்னு தெரிஞ்சதும் வந்து கை குடுக்குறான். மனுஷன்யா அவன்!”

அதற்கப்புறம் பத்து வருஷம் இருந்தார். உயிரோடு இருந்த வரைக்கும் புந்தோங் காப்பிக் கடை ஒன்று பாக்கியில்லாமல் இந்தக் கதையைச் சொன்னார். பெரிய துரையே தன்னிடம் தப்பை ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் போட்டேன்.

நான் சொன்ன பொய்களையெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன், இந்த ஒன்றைத் தவிர. சொன்னால் கடவுள் காதுக்குப் போகும். அங்கே பக்கத்திலேயே அண்ணன் இருப்பார், அவருக்குத் தெரிந்துவிடும்.