லயத்துக் கதவின் நிறம்

"கதவு நீலம்மா. பச்ச இல்ல" என்றார் அர்ச்சுனன், கீழே நின்றபடி.

சரளாவின் தூரிகை அப்படியே நின்றது. சுங்கை சிப்புட் அடுக்குமாடி வீடுகளின் பக்கச் சுவரில், இடித்துவிட்ட தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை அவள் மூன்று நாளாக வரைந்துகொண்டிருந்தாள். நாளைக் காலை திறப்பு விழா. முன்பு அந்த லயத்தில் வாழ்ந்த அர்ச்சுனன் போன்றவர்கள், 'இது எங்கள் லயம்தான்' என்று கையெழுத்துப் போட்டால்தான் ஈப்போவில் அடுத்த சுவர் அவளுக்குக் கிடைக்கும். கதவு மட்டும்தான் பாக்கி.

நீலம் அடித்தாள்.

பாசாரிலிருந்து காய்கறிப் பையோடு வந்த கருப்பம்மாள் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தார்.

"நீலம் ஆபீஸ் கிராணி வீட்டுக் கதவுலா! நம்ம லயத்துக்கு ஏது நீலம்? செவப்பு."

"அர்ச்சுனன் அண்ணன்தான் நீலம்னு சொன்னாரு."

"அவன் என்னிக்கு வீட்ல இருந்தான், கதவப் பாக்க?"

சிவப்பு அடித்தாள். அடியில் நீலம் காயவில்லை. கத்தரிக்காய் நிறத்தில் வழிந்தது. துடைத்துத் துடைத்துத் தூரிகையைக் காலடிப் பலகையில் தேய்த்தாள். இரண்டு பீப்பாய்களின் மேல் கிடந்த அந்தப் பலகை, காவலாளி சன்னாசி முதல் நாளே கொண்டுவந்து போட்டது. அதன் ஓரத்துத் துருப்பிடித்த இரும்பு அவள் காற்சட்டையை இரண்டு முறை கிழித்திருந்தது.

"தங்கச்சி, அந்தக் கதவு வந்து..." என்று சன்னாசி வாயெடுத்தார்.

"அண்ணே, நீங்களுமா? கலர் மட்டும் சொல்லாதீங்க!"

அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

மதியத்துக்கு மேல் சரளாவுக்கு ஒரு வழி தோன்றியது. கதவைத் திறந்தே வரைந்துவிட்டால் நிறமே வேண்டாம். உள்ளே இருட்டு போதும்.

"என்னம்மா, எழவு வீடு மாதிரி தொறந்து கெடக்கு?" என்றார் கருப்பம்மாள்.

உள்ளே ஒரு விளக்கை வரைந்து ஏற்றினாள்.

"குத்துவிளக்கா? லயத்துலயா?" அர்ச்சுனன் சிரித்தார். "மண்ணெண்ண விளக்குலா!"

"ஒங்க வீட்ல மண்ணெண்ண. எங்க வீட்ல குத்துவிளக்குதான்" என்றார் கருப்பம்மாள்.

"எப்ப இருந்துச்சு? நான் பாத்ததே இல்ல!"

"நீ எங்க வீட்டுக்குள்ள ஏன் பாக்குற?"

கடைசியில், "இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் அர்ச்சுனன்.

"நானுந்தான்" என்றார் கருப்பம்மாள். அன்று இருவரும் முதன்முதலாக ஒத்துப்போனது அதில்தான்.

சரளாவுக்குக் கால் கடுத்தது. பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு போட்டோகூட இல்லையா? ஒடஞ்ச பலகைத் துண்டு ஒண்ணு கெடச்சாலும் போதும். அதப் பாத்து அப்படியே அடிச்சிடுறேன்."

இருவரும் கையை விரித்தார்கள்.

"அசல் கதவ மட்டும் காட்டு. மறுபேச்சு இல்லாம போடுறேன்" என்றார் அர்ச்சுனன்.

"நானும்."

அசல் கதவுக்கு எங்கே போவது? அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"சன்னாசி அண்ணே, காலைல கதவப் பத்தி என்னமோ சொல்ல வந்தீங்களே?"

சன்னாசி மெல்ல எழுந்து வந்தார். பலகையைக் குனிந்து பார்த்தார். பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் சொட்டிக் காய்ந்து, அதன் சொந்த நிறம் ஒரு விரல் அளவுகூட வெளியே தெரியவில்லை.

"லயத்த இடிச்ச அன்னிக்கு நான் தூக்கிட்டு வந்தது ஒரே ஒரு கதவு தங்கச்சி. மூணு நாளா நீ அது மேலதான் நிக்கிற."