பிரஷர் பார்க்கும்போது டாக்டர் வெளியே நிற்கவும்

படிப்பும் பதவியும் நிறைந்த என் அன்பு மைத்துனனுக்கு,

ஆசிகள் பல. இங்கே எல்லாரும் சுகம். சுகமில்லாதவர்கள் என் கிளினிக் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது அப்படியே இரு.

உங்கள் ஆய்வுக் குழு டாக்டர்களுக்காக வெளியிட்டிருக்கும் இரத்த அழுத்த சிகிச்சை வழிகாட்டி வந்து சேர்ந்தது. தலையணை கனம். 'அன்புள்ள அத்தானுக்கு' என்று கையெழுத்து வேறு. பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வந்தவன் போனவனிடமெல்லாம் 'என் மச்சான் எழுதினது' என்று காட்டினேன். அதற்கப்புறம்தான் பிரஷர் அளக்கும் முறை என்கிற அத்தியாயத்தைப் படித்தேன். நோயாளி முதுகைச் சாய்த்து உட்கார வேண்டுமாம், காலைத் தரையில் ஊன்ற வேண்டுமாம், முன்கூட்டியே சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டுமாம், ஐந்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாதாம். சரி, ஒழியட்டும். கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறாய் பார்: 'அளக்கும் நேரத்தில் மருத்துவர் அறையில் இல்லாதிருப்பது விரும்பத்தக்கது.' யாருக்கு விரும்பத்தக்கது? என் கல்யாணத்தன்று என் மடியைவிட்டு இறங்க மாட்டேன் என்று அழுத பயல், இன்றைக்கு என் கிளினிக்கை விட்டு என்னையே இறங்கச் சொல்கிறாயா?

நானாக இருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். எங்கள் நர்ஸ் படித்துவிட்டாள். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ளாத பெண், அச்சில் வந்துவிட்டால் அவளுக்கு அது வேதவாக்கு. மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். கிளினிக்கில் சாய்மானம் உள்ள நாற்காலி ஒன்றே ஒன்றுதான், அது என்னுடையது, அது போச்சு. இருப்பது ஒரு கழிப்பறை, பெஞ்சில் இருந்த கூட்டம் மொத்தமும் இப்போது அதன் வாசலில். தையல் கடைக்கார அம்மா என்னிடம் வருவதே மருமகளைப் பற்றிக் கொட்டித் தீர்க்கத்தான், பிரஷர் ஒரு சாக்கு, அந்த அம்மாவை ஐந்து நிமிடம் பேசாதே என்றால் என்ன ஆகும்? முகமெல்லாம் சிவந்து, அடக்கி வைத்த பேச்சு கண்ணில் நீராக வந்துவிட்டது. நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறாயா? வெளியே, வாசற்படியில், வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக, வெயிலில். போகிறவன் ஒருத்தன் 'என்ன டாக்டர், சாவி தொலைஞ்சு போச்சா?'ங்கிறான். எதிர் மருந்துக்கடைக்காரர் பரிதாபப்பட்டு டீ வாங்கிக் கொடுக்கிறார். படிச்ச படிப்பு என்ன, நிற்கிற நிலை என்ன!

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன், என் வயிற்றெரிச்சல் பஸ் டிரைவர் விஷயத்தில்தான். என்னிடம் பல வருஷமாக வருகிறவன். பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று நான் சான்றிதழ் கொடுத்தால்தான் ஸ்டியரிங்கைத் தொட விடுவார்கள், இல்லையென்றால் டிப்போவில் பஸ் கழுவும் வேலை, பாதிச் சம்பளம். எப்போது பார்த்தாலும் அவனுக்கு ஏறித்தான் இருக்கும். உப்பைக் குறைக்கலை, தூங்கலை, மாத்திரையை ஒழுங்காப் போடலைன்னு நான் திட்டாத திட்டில்லை. போன வாரம் என்னை வெளியே நிறுத்திவிட்டு நர்ஸ் பார்த்தாள். சரியாக இருக்கிறதாம். மெஷின் கெட்டுப்போச்சு என்று நானே உள்ளே போய்ப் பார்த்தேன், ஏறியிருந்தது. நான் வெளியே, இறங்கிடுச்சு. நான் உள்ளே, ஏறிடுச்சு. என்ன விளையாடுறீங்களா ரெண்டு பேரும்னு கேட்டேன்.

"தப்பா நினைக்காதீங்க டாக்டர்," என்றான். "எதிர்ல லாரி வந்தாக்கூட எனக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க 'ம், கையை நீட்டு'ன்னதும் குலை நடுங்குது."

"நானா? நான் என்ன, யாரையாவது கடிச்சேனா?" என்று மேஜையைத் தட்டினேன். வெளியே பெஞ்சில் இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் வீட்டில் அவன் ஒருத்தன் சம்பளம்தான், எனக்கும் தெரியும், நான் என்ன கல்லா? ஆனால் நாளைக்கு ஸ்டியரிங்கில் மயங்கி விழுந்தால், பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் யார் பதில் சொல்வது? உன் குழுவா? நோயைக் கண்டுபிடிக்கச் சொன்னால், டாக்டர்தான் நோய் என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள்! அந்த வரியை உடனே எடுக்க வேண்டும், எடுத்ததாக அடுத்த பதிப்பில் பெரிய எழுத்தில் போட வேண்டும். அதுவரை உன் புத்தகம் என் பெஞ்சின் ஆடுகிற காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும்.

உனக்கும் உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன் குழுவில் இருக்கிற மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரனும், வாசற்படி மருத்துவனுமான
உன் அத்தான்

பி.கு.: உறையில் போடும் முன் உன் அக்கா இதை வாங்கிப் படித்தாள். நர்ஸை வீட்டுக்கு வரவழைத்து, "எனக்கும் பாரும்மா" என்றாள். என்னிடம், "நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க." நின்றேன். நான் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஏறித்தான் இருக்கும், அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக்கொண்டே வந்தவன் நான். நர்ஸ் கொண்டுவந்து காட்டிய அளவு ரொம்பக் கீழே இருந்தது. எழுந்து நின்றாலே கண்ணை இருட்டுகிறது என்று உன் அக்கா புலம்பியதும், ஒழுங்காகச் சாப்பிடு என்று நான் கத்தியதும் இதனால்தானாம். கோபம் கோபமாக வருகிறது, யார்மேல் என்றுதான் புரியவில்லை. அவள் மாத்திரையைக் குறைத்துவிட்டேன். டிரைவரைத் திரும்ப வரச்சொல்லி, நான் மருந்துக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு முறை பார்க்கவைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. அந்த வரி இருக்கட்டும், எடுக்காதே. ஆனால் வெளியே என்றால் எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவே இல்லை. வாசற்படி போதும் என்கிறாள் நர்ஸ். என் குரலுக்குத் தெருமுனை வேண்டும் என்கிறாள் உன் அக்கா.